காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன் வண்டும்: தோப்பில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு வண்டுகளின் பெயரையும் கேட்டிருப்பார்கள். பலர் பார்த்தும் இருப்பார்கள். ஆனால் குப்பையில் கிடைத்த புழுவையும் மரத்துக்குள் கிடைத்த புழுவையும் ஒரே தட்டில் வைத்து "எது எதனுடையது?" என்று கேட்டால் பாதிப் பேர் மாற்றிச் சொல்கிறார்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களும் அப்படித்தான், புதிதாகத் தோப்பு வாங்கியவர்களும் அப்படித்தான்.

கொம்பு இருக்கிறதா, மூக்கு நீண்டிருக்கிறதா என்று பார்த்து எழுதினால் ஒப்பீடு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதை வைத்து மண்வெட்டியோடு எந்த இடத்துக்குப் போவது என்று முடிவு செய்ய முடியாது. எந்தப் பருவம் (புழுவா, கூட்டுப்புழுவா, வண்டா), எங்கே இருந்துகொண்டு, எதைத் தின்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் இந்த வேலைக்குப் பயன் உண்டு. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஏன் அந்த வரிசை என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மண்வெட்டி, அரிவாள், கைவிளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோல், ஒரு வெள்ளைத் தட்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் குறைந்தது எட்டு. எழுபது சதவீத ஆல்கஹால், கிடைக்காவிட்டால் மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட். சிறு தாள் துண்டுகள், பென்சில்.

பேனா வேண்டாம். ஸ்பிரிட் பட்டதும் மை கரைந்து, எந்த டப்பா எந்த மரத்திலிருந்து வந்தது என்பதே தெரியாமல் போய்விடும். ஒரு நாள் முழுக்கச் சேகரித்த பதினோரு புழுக்களை இப்படி நான் வீணாக்கியிருக்கிறேன். சீட்டை டப்பாவின் மேல் ஒட்டாமல் உள்ளேயே போடுங்கள். மூடி மாறிப் போகலாம், உள்ளே கிடக்கும் சீட்டு மாறாது.

மரமேறுபவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோடை மழை விழுந்த பிறகு, காலை ஏழு மணிக்குள் தோப்புக்குள் இருப்பது நல்லது. எருக்குழியில் ஈரம் மேலேறியிருக்கும், புழுக்களும் அதிக ஆழத்தில் இருக்காது.

2. எந்தப் பருவத்தை எந்தப் பருவத்தோடு ஒப்பிடுவது

தோண்டுவதற்கு முன்பே இதை நோட்டில் எழுதிவிட வேண்டும். வண்டை வண்டோடும் புழுவைப் புழுவோடும் கூட்டுப்புழுவைக் கூட்டுப்புழுவோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். காண்டாமிருக வண்டு என்றால் கொம்புள்ள பெரிய வண்டு அவர்கள் நினைவுக்கு வருகிறது, கூன் வண்டு என்றால் மரத்துக்குள் இருக்கும் புழு நினைவுக்கு வருகிறது. பிறகு ஒன்றின் வண்டையும் மற்றொன்றின் புழுவையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எழுதுகிறார்கள்.

அப்படி நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. காண்டாமிருக வண்டில் தென்னையைத் தின்பது வளர்ந்த வண்டு. அதன் புழு மக்கிய எரு, மட்கிய மரக்கட்டை, தென்னை நார்க்கழிவு இவற்றைத் தின்று வாழ்கிறது. உயிருள்ள மரத்தை அது தொடுவதில்லை. கூன் வண்டில் இது தலைகீழ். மரத்தைக் கொல்வது புழு. அது வாழ்வதும் தின்பதும் உயிருள்ள தண்டுக்குள். இரண்டு வண்டுகளுக்கும் இடையிலுள்ள மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: எந்தப் பருவம், எங்கே கிடைத்தது, எதைத் தின்றுகொண்டிருந்தது, என்ன தடயம் விட்டிருந்தது. நிறம், நீளம் எல்லாம் அடுத்த பக்கத்துக்குப் போகட்டும்.

3. முதலில் எருக்குழி

மரத்தில் ஏறும் ஆசையை அடக்கிக்கொண்டு குழியிலிருந்து தொடங்குங்கள். இங்கே கிடைக்கும் புழு எது என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டால், பிறகு மரத்துக்குள் பார்ப்பதை இதோடு ஒப்பிடலாம். மாற்றிச் செய்தால் இரண்டுமே சந்தேகமாய் நிற்கும்.

குழியின் ஓரத்திலிருந்து ஒரு முழம் ஆழத்துக்கு அடுக்கடுக்காக எடுங்கள். நடுவில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் பாதிப் புழுக்கள் வெட்டுப்படும். காண்டாமிருக வண்டின் புழு ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்து கிடக்கும். தலை பழுப்பு, உடல் வெளுப்பு, மார்பில் மூன்று இணை கால்கள். பின்பாதி பருத்துக் கருமையாகத் தெரியும். தின்ற மக்கு அங்கேதான் நொதித்துச் செரிக்கிறது. நன்றாக வளர்ந்தது விரல் நீளத்துக்கு, சில சமயம் பத்து செ.மீ. வரைகூட இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எருக்குழியில் வளைந்து கிடப்பதெல்லாம் காண்டாமிருக வண்டின் புழு அல்ல. பூக்களுக்கு வரும் சில வண்டுகளின் புழுக்களும் அதே குழியில், அதே வடிவில் இருக்கும். புழுவை ஒரு பலகையில் விட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். அந்தப் பூ வண்டுப் புழுக்கள் மல்லாந்து, முதுகால் ஊர்ந்து போகும். காண்டாமிருக வண்டின் புழு பக்கவாட்டில் சுருண்டே கிடக்கும். இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், லென்சும் வேண்டாம். இதைச் செய்யாமல் குழியில் இருப்பதையெல்லாம் எண்ணி, "எழுபது புழு" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம்.

குழியின் அடியில் கெட்டியான மண் அறை போன்ற கூட்டுக்குள் கூட்டுப்புழு இருக்கலாம். உடைக்காமல் எடுங்கள்.

பச்சைப் பொடி பூசியதுபோல் விறைத்துச் செத்த புழு கிடைத்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அது மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை தாக்கிய புழு. ஒன்றை டப்பாவில் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் குழியிலேயே போட்டு மூடுங்கள். பூஞ்சை அங்கிருந்து மற்ற புழுக்களுக்குப் பரவும்.

குழி இல்லாத தோப்பில் விழுந்து மட்கிய மரங்களைப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்த்த தென்னைகளில் அகற்றப்படாமல் கிடந்து மட்கியவை எல்லாம் இந்தப் புழுவுக்கு ஏற்ற இடங்கள். "எங்கள் தோப்பில் குப்பையே இல்லை, வண்டு எப்படி வந்தது?" என்று கேட்பவர்கள் பக்கத்துத் தோப்பின் வரப்பையும் ஒரு முறை பார்க்க வேண்டும். வண்டு பறந்து வரும்.

4. அடுத்து கொண்டை: வண்டு தின்ற இடம்

இப்போது மரமேறுபவரை அழையுங்கள். மூன்று நான்கு வயதுத் தென்னம்பிள்ளையாக இருந்தால் தரையில் நின்றே பார்க்கலாம்.

நடுக்குருத்தின் அடிப்பக்கம் மட்டை இடுக்கில் ஓட்டை இருக்கும். ஓட்டை வாயில் மென்று துப்பியதுபோல் நார்ச்சக்கை தள்ளியிருக்கும். வண்டு குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சிவிட்டு நாரை வெளியே தள்ளுகிறது. சக்கை ஈரமாகவும் புதிதாகவும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கலாம். நுனி வளைந்த கம்பியை விட்டு இழுத்தால் வந்துவிடும். இளம் பிள்ளையில் குருத்தின் வளரும் முனையே போய்விட்டால் பிள்ளை பிழைக்காது. வளர்ந்த மரம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், காய்ப்பு குறையும். விரியாத பாளையையும் வண்டு துளைக்கும்.

விரிந்த மட்டையில் கீற்றுகள் 'வி' வடிவில், கத்தரியால் வெட்டியதுபோல் இருப்பதைப் பார்த்து, "வண்டு இலையைத் தின்னுது" என்பார்கள். விரிந்த இலையை அது தின்பதில்லை. ஒரு தாளை விசிறி மடிப்பாக மடித்து, ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, விரித்துப் பாருங்கள். ஒரே வெட்டு வரிசையாகப் பல இடங்களில் தெரியும். குருத்துக்குள் கீற்றுகள் அப்படித்தான் மடிந்திருக்கின்றன. வரும் எல்லோரிடமும் இதைச் செய்யச் சொல்கிறேன். பிறகு அவர்கள் மறப்பதில்லை.

அதனால் 'வி' வெட்டு பழைய காயம். நெட்டைத் தென்னை வருடத்துக்கு 12 முதல் 14 மட்டை விடும், ஏறக்குறைய மாதம் ஒன்று. குருத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணி நான்காவது மட்டையில் வெட்டு இருந்தால், அது விரிந்தே நான்கு மாதம் இருக்கும். வண்டு வந்தது அதற்கும் முன்பு. இந்தக் கணக்கைப் போடாமல், இன்று வெட்டைப் பார்த்துவிட்டு இன்றே குருத்தில் வண்டைத் தேடுவதால்தான் "ஓட்டையே இல்லையே" என்று குழம்புகிறார்கள். நோட்டில் எத்தனையாவது மட்டை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

5. பிறகு தண்டு: புழு தின்ற இடம்

கூன் வண்டைத் தேடுவது கடினம். வெளியே தடயம் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். ஐந்திலிருந்து இருபது வயது வரையுள்ள மரங்களை முதலில் பாருங்கள். அவற்றின் திசு மென்மையானது, தாக்குதலும் அவற்றில்தான் அதிகம்.

தண்டில் சிறு துளைகள், அவற்றிலிருந்து வடியும் செம்பழுப்புப் பிசின், துளைவாயில் சக்கை, புளித்த வாடை, உள் அடுக்கு மட்டைகள் மஞ்சளாவது. இந்த வரிசையில் தேடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மரமேறி அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று: "தம்பி, மரத்துல காதை வெச்சுக் கேளுங்க. உள்ளார அரைக்கற சத்தம் வந்துச்சுன்னா அதுதானுங்க." காற்றில்லாத காலை நேரத்தில் அந்த மெல்லும் ஓசை உண்மையிலேயே கேட்கும். மோட்டார் ஓடும் நேரத்தில் கேட்காது. சீக்கிரம் வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாறு வடிவதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். சாறு வடிதல் நோய் என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு. அதிலும் தண்டு வெடிப்புகளிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து கறுப்பாகக் காயும். அங்கே துளையில் மென்ற நார் இருக்காது, அரைக்கும் ஓசையும் இருக்காது. நோயைப் புழு என்று நினைத்து நல்ல மரத்தைத் துளைபோட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளையே பிறகு கூன் வண்டு முட்டையிட இடமானது.

புழுவைச் சேகரிக்க, கொண்டை சாய்ந்து இனிப் பிழைக்காது என்று தெரிந்த மரத்தை மட்டுமே பிளக்கச் சொல்லுங்கள். பிளந்தால் ஒரே தண்டுக்குள் எல்லாப் பருவமும் இருக்கும்: சிறு புழு, பெரிய புழு, நாரை முறுக்கிக் கட்டிய நீள்கூடு, அதற்குள் கூட்டுப்புழு, வெளிவரக் காத்திருக்கும் வண்டு. எருக்குழியில் கூட்டுப்புழு மண் அறையில் இருந்தது, இங்கே நார்க்கூட்டில் இருக்கிறது. தின்று வளர்ந்த இடத்திலேயே இரண்டும் வீடு கட்டிக்கொள்கின்றன.

புழுவைத் தட்டில் வைத்து வயிற்றுப் பக்கம் பாருங்கள். கால் கிடையாது. நடு உடல் பருத்து இரு முனையும் குறுகியிருக்கும். ஐந்து செ.மீ. அளவில் வளர்ச்சி நின்றுவிடும். உணவுக்குள்ளேயே பிறந்து உணவுக்குள்ளேயே துளைத்து நகரும் புழுவுக்குக் கால் தேவைப்படவில்லை.

பிளந்த மரத்தை அன்றே துண்டுபோட்டு எரித்துவிடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் வெளிவந்த வண்டுகள் அடுத்த மரத்துக்குப் போகும். நாம் ஆராயப் போய்த் தோப்புக்குத் தீங்கு செய்ததாகிவிடும்.

6. இரண்டையும் தட்டில் வைத்து அளப்பது

இப்போதுதான் வண்டுகளின் உருவத்துக்கு வருகிறோம்.

காண்டாமிருக வண்டு கட்டையான கறுப்பு உடல், 35 முதல் 50 மி.மீ., தலையில் பின்னோக்கி வளைந்த கொம்பு. கூன் வண்டு மெலிந்த நீள உடல், மூக்கோடு சேர்த்து ஏறக்குறைய 35 மி.மீ., செம்பழுப்பு, தலையிலிருந்து நீண்டு வளைந்த மூக்கு. மூக்கோடு அளந்தீர்களா, மூக்கில்லாமல் அளந்தீர்களா என்பதை நோட்டின் மேலேயே எழுதுங்கள். இருவர் இரு விதமாக அளந்து சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

நிறத்தை நம்பாதீர்கள். கூன் வண்டில் நல்ல சிவப்பிலிருந்து கறுப்பு வரை உண்டு, மார்பிலுள்ள புள்ளிகளும் மாறுபடும். கூட்டிலிருந்து அப்போதுதான் வந்த காண்டாமிருக வண்டு செம்பழுப்பாகவே இருக்கும்.

காண்டாமிருக வண்டில் ஆண், பெண் பிரிப்பதில் ஒரு தவறு நடக்கிறது. கொம்பு நீளமென்றால் ஆண், குட்டையென்றால் பெண் என்று எழுதிவிடுகிறார்கள். புழுப் பருவத்தில் சரியாகத் தின்னாத ஆணுக்கும் கொம்பு குட்டையாகவே இருக்கும். வண்டைத் திருப்பி வயிற்றின் நுனியைப் பாருங்கள். அடர்ந்த செம்பழுப்பு முடி இருந்தால் பெண். கூன் வண்டில் மூக்கின் மேற்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முடிக்கற்றை இருந்தால் ஆண், வழவழப்பாக இருந்தால் பெண். பெண் அந்த மூக்கால்தான் துளையிட்டு முட்டை வைக்கிறது.

7. நாட்கணக்கு

காண்டாமிருக வண்டின் முட்டை 8 முதல் 12 நாளில் பொரியும். புழுப் பருவம் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு மேலும் நீளும். கூட்டுப்புழு மூன்று நான்கு வாரம். கூன் வண்டின் முட்டை 2 முதல் 5 நாளில் பொரியும். புழு ஒன்றிலிருந்து மூன்று மாதம், கூட்டுப்புழு இரண்டிலிருந்து நான்கு வாரம்.

மக்கிய எருவில் சத்து குறைவு, அதனால் வளர நாள் எடுக்கிறது என்று நான் மாணவர்களுக்கு விளக்குவேன். வெப்பமும் ஈரமும் நாட்களைக் கூட்டும், குறைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். தோப்புக்காரருக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். எருக்குழியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்கினால் காண்டாமிருக வண்டின் ஒரு தலைமுறை வண்டாவதற்கு முன் பிடித்துவிடலாம். கூன் வண்டு விஷயத்தில் மூன்று மாதம் கழித்துப் போனால் ஒரு தலைமுறை வெளியேறியே போயிருக்கலாம்.

8. ஒன்று திறந்த கதவில் மற்றொன்று நுழைவது

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம், பெரும்பாலான ஒப்பீடுகள் இரண்டு வண்டுகளையும் தனித்தனியாக எழுதி முடித்துவிடுகின்றன. காண்டாமிருக வண்டு குருத்தில் போட்ட காயத்தின் வாடைக்குக் கூன் வண்டு வரும், அங்கே முட்டையிடும். ஆகவே நான்காவது படியில் ஓட்டை பார்த்த மரங்களின் எண்களை எடுத்துக்கொண்டு, அதே மரங்களில் ஐந்தாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு பட்டியலும் எத்தனை மரத்தில் ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள்.

காயம் வண்டால்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. மரமேற வெட்டும் படிகள், டிராக்டர் உரசிய தழும்பு, பச்சை மட்டையை அடியோடு வெட்டியது எல்லாம் கதவுகளே. பச்சை மட்டையை வெட்ட வேண்டியிருந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ., அதாவது நான்கடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவாயில் பொரித்த புழு தண்டை எட்டுவது அப்போது எளிதல்ல. மற்ற காயங்களில் தார் அல்லது போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசுங்கள்.

9. ஒப்பீட்டைத் தோப்பு வேலையாக மாற்றுவது

காண்டாமிருக வண்டுக்கு வேலை இரண்டு இடத்தில். குழியில் புழுவுக்கு மெட்டாரைசியம், ஈரமான எருவில் மட்டும். காய்ந்த குப்பையில் பூஞ்சை பிழைக்காது. மரத்தில் வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில். மணல் மலிவுக்காகச் சேர்ப்பதல்ல. தூள் இடுக்கில் இறங்கி நிற்கவும், நுழையும் வண்டை உறுத்தவும் அது வேண்டும். மழைக்குப் பின் இரவில் விளக்குப்பொறிக்கும் இந்த வண்டு வரும்.

கூன் வண்டை விளக்கு வைத்துப் பிடிக்க முடியாது. அதற்கு இனக்கவர்ச்சி வாளிப்பொறி, அதாவது வண்டை வாடையால் இழுக்கும் கவர்ச்சிப் பொருள் வைத்த வாளி. இரண்டு வண்டுக்கும் அந்தக் கவர்ச்சிப் பொருள் வேறு வேறு. காண்டாமிருக வண்டின் கவர்ச்சிப் பொருளுக்குக் கூன் வண்டு வராது. கடையில் "தென்னை வண்டு மருந்து" என்று கேட்காமல் எந்த வண்டு என்று சொல்லி வாங்குங்கள். கூன் வண்டுப் பொறியில் புளித்த கள், அன்னாசி, கரும்பு போன்ற உணவும் சேர்ந்தால்தான் வரத்து நன்றாக இருக்கும். வாளியின் வெளிப்புறம் சாக்கைச் சுற்றுங்கள், வழுவழுப்பாக இருந்தால் வண்டு ஏற முடியாமல் கீழே விழும். பொறியை இளம் பிள்ளைகளின் நடுவே மாட்டாதீர்கள். வாடைக்கு வந்த வண்டுகளில் சில வாளிக்குள் போகாமல் பக்கத்துப் பிள்ளையில் இறங்கிவிடும்.

10. திரும்பிப் பார்க்கும் நாள்

இரண்டு பட்டியலிலும் இருந்த மரங்களுக்குச் சிவப்புப் பெயின்டால் ஒரு வளையம், குருத்தில் மட்டும் ஓட்டை இருந்தவற்றுக்கு வெள்ளை வளையம். வெள்ளை வளைய மரங்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து, தண்டில் காதை வையுங்கள். மூன்று மாதம், ஆறு சுற்று. ஓசை கேட்காமல், சக்கை தள்ளாமல், புதிதாக விரிந்த மூன்று மட்டைகளும் வெட்டில்லாமல் இருந்தால் அந்த மரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.